இசிஜி சிமுலேட்டரை நாமே அமைத்தல்: இதய மின்னலையைப் போலச் செய்யும் கருவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இசிஜி பெருக்கி ஒன்றை முதன்முறையாகக் கட்டி முடிப்பவர்கள் பெரும்பாலும் உடனே மின்முனைகளைத் தங்கள் மார்பிலேயே ஒட்டிப் பார்க்கிறார்கள். திரையில் அலை நன்றாக வந்துவிட்டால் மகிழ்ச்சிதான். கோணலாகவோ இரைச்சலோடோ வந்தால் பிழை பெருக்கியில் இருக்கிறதா, காய்ந்துபோன மின்முனையில் இருக்கிறதா, வியர்த்த தோலில் இருக்கிறதா, அன்றி அந்த இதயத்தின் அலையே அப்படித்தானா என்பதைப் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. உயரமும் அகலமும் இடைவெளியும் முன்கூட்டியே நமக்குத் தெரிந்த ஓர் அலையை உள்ளே செலுத்தினால்தான், வெளியே வருவதைப் பார்த்துக் கருவியைக் குறை சொல்ல முடியும். அந்தத் தெரிந்த அலையைத் தருவதே சிமுலேட்டரின் வேலை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதிலும் அழகான அலையை வரைவதைவிட, வெளியே போகும் ஒவ்வொரு மைக்ரோவோல்ட்டுக்கும் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் கணக்கு வைத்திருப்பதற்கே முதலிடம் தருகிறேன்.

தொடங்குவதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள். இக்கருவி கருவிகளோடு இணைப்பதற்கு மட்டுமே உரியது. ஒரு மானிட்டரின் சில கம்பிகள் மனித உடலிலும் சில கம்பிகள் சிமுலேட்டரிலும் இருக்கும் நிலை எக்காரணம் கொண்டும் ஏற்படக்கூடாது. டிஃபிப்ரிலேட்டரின் மின்னதிர்ச்சியை இதன் முனைகளில் செலுத்தக்கூடாது; ஆயிரக்கணக்கான வோல்ட்டை இங்குள்ள மின்தடைகள் தாங்கமாட்டா. நோயாளிகளுக்குப் பயன்படும் கருவிக்குச் சரிபார்ப்புச் சான்று வழங்க, முறையாக அளவுத்திருத்தம் செய்யப்பட்ட சோதனைக் கருவியே வேண்டும். நாம் கட்டுவது கற்பதற்கும் வடிவமைப்பதற்கும் பழுது தேடுவதற்கும் உரியது.

எதைப் போலச் செய்யப்போகிறோம்

ஓர் இதயத்துடிப்பு இசிஜியில் பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் ஐந்து அலைகளாகப் பதிவாகிறது. இந்தப் பெயர்களை வழங்கியவர் 1924-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன். மேலறைகள் தூண்டப்படுவது பி அலை. கீழறைகள் தூண்டப்படுவது க்யூஆர்எஸ் தொகுதி. கீழறைகள் மீண்டும் ஓய்வுநிலைக்குத் திரும்புவது டி அலை. இயல்பான இதயத்தில் பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடக்கம் வரையிலான இடைவெளி 0.12 முதல் 0.20 செகண்ட் வரையும், க்யூஆர்எஸ் அகலம் 0.12 செகண்டுக்குக் குறைவாகவும் இருக்கும். ஆர் அலை ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். பி அலையோ அதில் ஆறில் ஒரு பங்குதான். காகிதம் செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம். எனவே ஒரு சிறிய கட்டம் 0.04 செகண்டையும் 0.1 மில்லிவோல்ட்டையும் குறிக்கிறது.

1 மில்லிவோல்ட் என்பது எவ்வளவு சிறியது என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் மிக நுண்ணிய மின்னழுத்த வரம்பில்கூடக் கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ட்தான்; ஒரு பி அலை முழுவதுமே அந்த மீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு எண்களின் ஆட்டம். இவ்வளவு சிறிய அலையைச் சுற்றுக்குள் அங்குமிங்கும் இழுத்துச் சென்றால் வழியிலேயே இரைச்சல் ஏறிவிடும். அதனால் அலையை வோல்ட் அளவில் பெரிதாக உருவாக்கி, முனைகளுக்கு மிக அருகில் கொண்டுவந்து, கடைசி நொடியில்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். என் முதல் கருவியில் சுருக்கும் மின்தடைகளைப் பிரெட்போர்டில் செருகி, அங்கிருந்து அரை மீட்டர் கம்பியில் முனைகளுக்குக் கொண்டுபோயிருந்தேன். திரையில் அடிக்கோடு கோடாக இல்லாமல் தடித்த பட்டையாக வந்தது. மின்தடைகளை முனைகளின் அடியிலேயே பற்றவைத்ததும் அந்தப் பட்டை மெலிந்து கோடாகிவிட்டது. வேறு எதையும் நான் மாற்றவில்லை.

பாகங்களும் இணைப்பும்

555, 4017 போன்ற பழைய ஐசிகளையும் டையோடுகளையும் கொண்டு இதே வேலையைச் செய்யும் சுற்றுகள் உண்டு. அவற்றில் அலையின் வடிவம் மின்தேக்கிகளின் மதிப்பில் சிக்கிக்கொள்வதால் எதையும் துல்லியமாக மாற்ற முடியாது. மைக்ரோகண்ட்ரோலர் வழியே இன்று எளிது. நான் ஆர்டுயினோ உனோ பலகையை எடுத்துக்கொள்கிறேன். அதிலுள்ள ஏடிமெகா328பி 16 மெகாஹெர்ட்சில் ஓடுகிறது, 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் 2 கிலோபைட் ரேமும் கொண்டது. நம் தேவைக்கு இது தாராளம்.

எண்ணை மின்னழுத்தமாக மாற்ற, பலகையிலேயே உள்ள 8 பிட் பிடபிள்யூஎம் (மின்னழுத்தத்தை விரைந்து போட்டு அணைத்துச் சராசரியைப் பெறும் முறை) போதுமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 வோல்ட்டை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 20 மில்லிவோல்ட்; ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியபின் 20 மைக்ரோவோல்ட். 150 மைக்ரோவோல்ட் உயரமுள்ள பி அலைக்கு ஏழெட்டுப் படிகள்தான் கிடைக்கும். மேடாக எழ வேண்டிய இடத்தில் மாடிப்படி எழும். ஆகவே எம்சிபி4921 என்னும் 12 பிட் டிஜிட்டல்-அனலாக் மாற்றியைச் சேர்க்கிறோம். சுருக்கமாக இதை டாக் என்றே அழைப்போம்.

டாக்கின் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை 5 வோல்ட் தடத்திலிருந்து எடுக்கக்கூடாது. அந்தத் தடம் பலகையின் மற்ற வேலைகளுக்கேற்ப ஆடும். அது ஆடினால் நம் 1 மில்லிவோல்ட்டும் ஆடும். 4.096 வோல்ட்டை நிலையாகத் தரும் எல்எம்4040 ஐசி ஒன்றைப் பயன்படுத்துங்கள்; அதன் ஏ தரத்தின் பிழை 0.1 சதவீதத்துக்குள் அடங்கும். 4.096 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ட். ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கினால் நிரலில் எழுதும் ஓர் எண் முனையில் 1 மைக்ரோவோல்ட்டாக நிற்கும். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று, இதற்காகத்தான் 4.096-ஐத் தேர்ந்தெடுத்தோம். இதன்பின் அலையின் உயரத்தை மாற்ற மனக்கணக்கே போதும்.

இணைப்பு இவ்வாறு அமையும். டாக்கின் 1-ஆம் காலை 5 வோல்ட்டிலும் 7-ஆம் காலைப் பொதுத்தடத்திலும் (கிரவுண்ட்) இணைத்து, இவ்விரண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை ஐசியை ஒட்டியே வையுங்கள். கூடவே 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் இருக்கட்டும். 2-ஆம் கால் உனோவின் 10-ஆம் முனைக்கும், 3-ஆம் கால் 13-ஆம் முனைக்கும், 4-ஆம் கால் 11-ஆம் முனைக்கும் போகும். 5-ஆம் காலைப் பொதுத்தடத்தில் இணைத்துவிட்டால் அனுப்பிய எண் உடனே வெளியீட்டில் வந்துவிடும். 5 வோல்ட்டிலிருந்து 470 ஓம் மின்தடை வழியாக எல்எம்4040-க்கு மின்சாரம் கொடுத்து, அந்தச் சந்திப்பை 6-ஆம் காலில் இணையுங்கள். அலை 8-ஆம் காலில் வெளிவருகிறது. இதயத்துடிப்பின் வேகத்தை மாற்ற 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று ஏ0 முனையில். தாள வகைகளைத் தேர்ந்தெடுக்க ஓர் அழுத்துபொத்தான்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து மட்டுமே வரவேண்டும். ஆறு ஏஏ பேட்டரிகள் தரும் 9 வோல்ட் உனோவின் மின்நுழைவாய்க்குப் பொருந்தும். நிரலை ஏற்றிய யுஎஸ்பி கம்பியை அப்படியே விட்டுவிட்டுச் சோதித்தபோது, மடிக்கணினியின் சார்ஜர் செருகியிருந்தவரை அலையின் மேல் மின்தட இரைச்சல் ஏறி நின்றது. சார்ஜரைப் பிடுங்கியதும் மறைந்தது. கணினி வழியாகச் சுற்றின் பொதுத்தடம் மின்வழங்கலின் தரையோடு சேர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். எனவே நிரல் ஏறியதும் யுஎஸ்பியைக் கழற்றிவிடுங்கள்.

சுருக்கும் மின்தடைகளும் நான்கு முனைகளும்

டாக்கின் வெளியீட்டில் முதலில் 1 கிலோ ஓம் மின்தடை. அதன் மறுமுனையிலிருந்து பொதுத்தடத்துக்கு 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இவை இரண்டும் சேர்ந்து 159 ஹெர்ட்ஸ் வடிகட்டியாகி, டாக்கின் படிக்கட்டுகளை மழுங்கச் செய்கின்றன. பிலிம் வகை மின்தேக்கி கிடைத்தால் நல்லது. செராமிக் வகையின் மதிப்பு அதன் மேலுள்ள நேர்மின்னழுத்தத்துக்கேற்பக் குறையும் இயல்புடையது. இந்த வடிகட்டியால் ஆர் அலையின் உச்சி 1 சதவீதத்துக்கும் குறைவாகவே தேய்கிறது.

மின்தேக்கியும் 1 கிலோ ஓமும் சேரும் புள்ளியிலிருந்து 100 கிலோ ஓம் மின்தடை. அதன் மறுமுனை இடது கால் முனை. அங்கிருந்து 33 ஓம் வழியாக இடது கை முனை. அங்கிருந்து 68 ஓம் வழியாக வலது கை முனை. வலது கை முனையும் வலது கால் முனையும் பொதுத்தடத்தோடு சேர்கின்றன. கூட்டிப் பாருங்கள்: மேலே 101 கிலோ ஓம், கீழே 101 ஓம். சுருக்கும் விகிதம் 1001-க்கு 1. ஆயிரத்திலிருந்து விலகல் 0.1 சதவீதம் மட்டுமே; மின்தடைகளின் சொந்தப் பிழை அதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால் இதை மறந்துவிடலாம்.

33-ஐயும் 68-ஐயும் ஏன் சமமாக வைக்கவில்லை? முனைகளின் மின்னழுத்த வேறுபாட்டிலிருந்து இசிஜி கருவி வரையும் ஒவ்வொரு பதிவும் ஒரு லீட். முதல் லீட் என்பது இடது கையிலிருந்து வலது கையைக் கழித்தது. இரண்டாம் லீட் இடது காலிலிருந்து வலது கையைக் கழித்தது. மூன்றாம் லீட் இடது காலிலிருந்து இடது கையைக் கழித்தது. ஐந்தோவன் விதிப்படி முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் இரண்டாவது வரும். மின்தடைச் சங்கிலியில் இது தானாகவே நிறைவேறுகிறது. நம் மதிப்புகளில் இரண்டாம் லீட் 1 மில்லிவோல்ட் என்றால் முதல் லீட் 0.67, மூன்றாம் லீட் 0.33. இதே முனைகளிலிருந்து கருவி கணக்கிடும் மற்ற மூன்று லீட்களில் ஏவிஆர் 0.84 அளவுக்குக் கீழ்நோக்கியும், ஏவிஎல் 0.17, ஏவிஎஃப் 0.66 அளவுக்கு மேல்நோக்கியும் வரும். இதய மின்னலையின் மொத்தத் திசையைக் காட்டும் மின் அச்சு ஏறக்குறைய 49 பாகையில் அமைந்து, இயல்பான இதயத்தின் வரம்புக்குள் வசதியாக நிற்கிறது. முதல் மூன்று லீட்களும் வெவ்வேறு உயரத்தில் வருவதால் கம்பி மாறிப்போனால் உடனே கண்டுபிடிக்கவும் முடிகிறது. இரண்டு 50 ஓம்களைப் போட்டிருந்தால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே உயரத்தில் வந்து அந்த வாய்ப்பை இழந்திருப்போம். மார்பு லீட்களை இந்தச் சங்கிலி உண்மையாகக் காட்டாது. அவற்றின் அலைவடிவமே வேறு, அதற்கு இரட்டை டாக்கான எம்சிபி4922 போன்ற ஒன்று வேண்டும்.

அடிக்கோட்டை 2.048 வோல்ட்டில் வைக்கிறோம். ஆகவே முனைகளில் எப்போதும் 2 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உண்மையான மின்முனைகள் தோலில் உண்டாக்கும் நேர்மின்னழுத்தம் இதைவிடப் பெரியது. இசிஜி கருவிகள் 300 மில்லிவோல்ட் வரை தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன.

இந்த மின்தடைகளை முனைகளின் உட்புறத்திலேயே பற்றவைத்து, அனைத்தையும் ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பொதுத்தடத்தோடு இணையுங்கள். முனைகளாக, பயன்படுத்தி முடித்த ஒட்டு மின்முனைகளின் உலோகக் குமிழ்களையே எடுத்துக்கொள்ளலாம். இசிஜி கம்பிகளின் பிடி அதில் சரியாகப் பொருந்தும். ஒவ்வொன்றின் அருகிலும் பெயரை எழுத்தால் எழுதுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். ஐஇசி என்னும் பன்னாட்டுத் தர முறையில் வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. அமெரிக்க முறையிலோ வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. ஒரே கறுப்புக் கம்பி ஒரு முறையில் கால், மற்றொன்றில் கை.

அலையை எண்களாக்குதல்

ஒவ்வோர் அலையையும் மணிவடிவ வளைவாக, அதாவது காஸ் வளைவாக வரையலாம். ஒரு புள்ளியின் உயரத்தைப் பெற, அப்புள்ளிக்கும் அலையின் மையத்துக்கும் உள்ள நேர இடைவெளியை அலையின் அகலத்தால் வகுத்து, வந்ததை இருமடியாக்கிப் பாதியாக்கி, எதிர்க்குறியோடு எக்ஸ்போனென்ஷியல் சார்பில் இட்டு, உச்ச உயரத்தால் பெருக்க வேண்டும். ஆர் உச்சியைச் சுழியமாகக் கொண்டு நான் பயன்படுத்தும் மதிப்புகள் இவை. பி: உயரம் 150 மைக்ரோவோல்ட், மையம் 160 மில்லிசெகண்ட் முன்னால், அகலம் 22. க்யூ: கீழ்நோக்கி 100, 28 முன்னால், அகலம் 8. ஆர்: 1000, அகலம் 10. எஸ்: கீழ்நோக்கி 200, 28 பின்னால், அகலம் 9. டி: 300, 250 பின்னால், அதன் ஏறும் பக்கத்தின் அகலம் 55, இறங்கும் பக்கத்தின் அகலம் 35. டி அலை மெல்ல ஏறிச் சட்டென இறங்குவதே இயல்பு. இருபுறமும் ஒத்த டி அலை பழகிய கண்ணுக்குப் பொம்மைபோலத் தெரியும்.

வளைவை எங்கே வெட்டி நிறுத்துவது என்பதில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. மையத்திலிருந்து அகலத்தின் 2.5 மடங்கில் வெட்டினால் டி அலையில் இன்னும் 13 மைக்ரோவோல்ட் மிச்சமிருக்கும். காகிதத்தில் அது 0.13 மில்லிமீட்டர், கண்ணுக்குப் புலப்படாது. கணினித் திரையில் பெரிதாக்கினால் டி அலையின் வாலில் ஒரு வெட்டு தெரியும்; அதைப் பெருக்கியின் குறை என்று எண்ணி ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நான் வீணாக்கியிருக்கிறேன். 3.5 மடங்கு வரை போனால் மிச்சம் 1 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

அடுத்தது, இந்த வேலையிலேயே மிக அதிகம் நிகழும் பிழை. பலர் ஒரு துடிப்பு முழுவதையும் ஒரே அட்டவணையாக எழுதி, வேகத்தைக் கூட்ட அந்த அட்டவணையை விரைவாக ஓட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பில் சரியாக இருந்த க்யூஆர்எஸ் 144-இல் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. 36-இல் இருமடங்கு விரிந்து நோயுற்ற இதயத்தினுடையதைப் போலாகிறது. உண்மையான இதயம் அப்படி இயங்குவதில்லை. வேகம் மாறும்போது க்யூஆர்எஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. டி அலை ஓரளவு அருகே வருகிறது. டி-க்கும் அடுத்த பி-க்கும் இடையிலுள்ள தட்டையான ஓய்வு நேரமே பெரிதும் சுருங்குகிறது. டி எவ்வளவு நகரும் என்பதற்கு 1920-இல் பாசெட் தந்த வாய்பாடு நமக்குப் போதுமானது: துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்துக்கேற்ப அது மாறுகிறது.

ஆகவே பி-க்கு ஒன்று, க்யூஆர்எஸ் தொகுதிக்கு ஒன்று, டி-க்கு ஒன்று என மூன்று தனி அட்டவணைகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணியைக் கொடுங்கள். துடிப்பின் கடிகாரம் பி அட்டவணை தொடங்கும்போது சுழியத்தில் இருக்கட்டும். மேற்கண்ட மதிப்புகளில் ஆர் உச்சி 237-ஆம் மில்லிசெகண்டில் விழும்; க்யூஆர்எஸ் அட்டவணை 177-இல் தொடங்கும். டி அட்டவணை 72 துடிப்பு வேகத்தில் 295-இல் தொடங்கி 609-இல் முடியும். துடிப்பின் நீளம் 833 என்பதால் மிச்சம் தட்டைக்கோடு. 180 துடிப்பில் துடிப்பின் நீளம் 333 மட்டுமே. டி அலை அடுத்த துடிப்புக்குள் நுழைந்து பி அலையின் மேல் ஏறிவிடும். தனி எண்ணிகள் இருப்பதால் இரண்டும் கூட்டப்பட்டு ஒரே மேடாக வெளிவரும். விரைந்து துடிக்கும் இதயத்தின் இசிஜியிலும் இவ்வாறே காண்கிறோம். வேக வரம்பை 30 முதல் 180 வரை வைப்பது போதும்.

டி அட்டவணையின் நீளத்தைச் சுருக்கவும் விரிக்கவும், 256 புள்ளிகளோடு அதைச் சேமித்து, பின்னப்படியோடு நகரும் 16 பிட் எண்ணியைப் பயன்படுத்துங்கள். எண்ணியின் மேல் 8 பிட்கள் அட்டவணையின் இடத்தைக் காட்டும். எக்ஸ்போனென்ஷியல் கணக்கை மைக்ரோகண்ட்ரோலரிடம் கொடுக்காமல் கணினியிலேயே போட்டு, முழு எண்களாக ஃபிளாஷில் வைத்துவிடுங்கள்.

நிரலின் இதயம்: நேரம்

மில்லிசெகண்டுக்கு ஒரு மதிப்பு வீதம், செகண்டுக்கு 1000 மதிப்புகள் அனுப்புகிறோம். இதற்குக் காத்திருப்புக் கட்டளைகளை நம்பக்கூடாது. பொட்டென்ஷியோமீட்டரை ஒருமுறை படிக்கவே ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட் ஆகிறது. திரை ஏதேனும் இணைத்திருந்தால் அதற்கும் நேரம் போகும். அவ்வளவும் துடிப்பு இடைவெளியில் ஏறிக்கொள்ளும். டைமர் 1-ஐ ஒப்பீட்டு முறையில் வைத்து, கடிகாரத்தை 8-ஆல் வகுத்து, ஒப்பீட்டுப் பதிவேட்டில் 1999 என்று எழுதினால் 16 மெகாஹெர்ட்சிலிருந்து சரியாக 1000 ஹெர்ட்ஸ் குறுக்கீடு (மற்ற வேலையை நிறுத்தி ஒரு சிறு நிரல்பகுதியை ஓட்டும் இன்டரப்ட்) கிடைக்கும்.

குறுக்கீட்டுக்குள் செய்ய வேண்டியது இவ்வளவே. துடிப்புக் கடிகாரத்தை ஒன்று கூட்டுங்கள். எந்த அலையின் தொடக்க நேரம் வந்ததோ அதன் எண்ணியை இயக்குங்கள். இயங்கும் எண்ணிகளின் மதிப்புகளைக் கூட்டி, அதோடு 2048-ஐச் சேர்த்து, விடை 0-க்கும் 4095-க்கும் வெளியே போகாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 12 பிட்டுகளுக்கு முன்னால் 0, 0, 1, 1 என்னும் நான்கு கட்டுப்பாட்டு பிட்டுகளை வைத்து எஸ்பிஐ என்னும் தொடர்த் தகவல் இணைப்பு வழியே அனுப்புங்கள். மூன்றாவது பிட் டாக்கை ஒரு மடங்குப் பெருக்கத்தில் வைக்கிறது, நான்காவது அதை விழித்திருக்கச் செய்கிறது. நான்காவதை 0 என்று விட்டுவிட்டால் வெளியீடு அணைந்துபோகும். டாக் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும்.

வேகத்தை முதன்மைச் சுற்றில் படியுங்கள். புதிய துடிப்பு தொடங்கும் தருணத்தில் மட்டுமே அதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். துடிப்பின் நடுவில் மாற்றினால் க்யூஆர்எஸ் வந்து டி வராத அரைகுறைத் துடிப்புகள் தோன்றும். 60000-ஐ வேகத்தால் வகுத்தால் துடிப்பின் நீளம் மில்லிசெகண்டில் வந்துவிடும்.

அளவுத்திருத்தம்

வெளியீட்டிலுள்ள 1 மில்லிவோல்ட்டை நேரடியாக மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்ய முடியாது என்று முன்பே பார்த்தோம். ஆகவே அளவை இரண்டாகப் பிரிக்கிறோம். முதலில் நிரலில் 2048 என்னும் எண்ணை நிலையாக அனுப்பி டாக்கின் 8-ஆம் காலை அளவுங்கள், 2.048 வோல்ட்டுக்கு மிக அருகில் வரவேண்டும். பிறகு 3048 அனுப்பி வேறுபாடு 1.000 வோல்ட்டா என்று பாருங்கள். அடுத்து மின்தடைகளைப் பற்றவைப்பதற்கு முன்பே தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 33 ஓமை அளக்கும்போது மீட்டரின் இரு கம்பிகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் 0.3 ஓம் போன்ற மதிப்பைக் கழிக்க மறக்காதீர்கள், 33-இல் 0.3 என்பது ஏறக்குறைய 1 சதவீதம். இரண்டு அளவுகளையும் பெருக்கினால் முனையில் இருப்பது எவ்வளவு என்பது நம்பகமாகத் தெரிந்துவிடும்.

இதற்கென நிரலில் ஒரு சதுர அலை முறையைச் சேர்த்துவைப்பது நல்லது: அரைச் செகண்ட் 1 மில்லிவோல்ட், அரைச் செகண்ட் சுழியம். இசிஜி பதிவுக் கருவி அதைச் சரியாக 10 மில்லிமீட்டர் உயரத்தில் வரைய வேண்டும். ஆனால் சதுரத்தின் மேல்விளிம்பு தட்டையாக இல்லாமல் சாய்ந்து வந்தால் பதற வேண்டாம். 0.05 ஹெர்ட்ஸ் கீழ்வரம்பு கொண்ட நோயறி முறையில் அது சற்றே சாயும், 0.5 ஹெர்ட்ஸ் கொண்ட கண்காணிப்பு முறையில் அரைச் செகண்டுக்குள் ஐந்தில் நான்கு பங்கு சரிந்துவிடும். இதே காரணத்தால் கண்காணிப்பு முறையில் க்யூஆர்எஸ்-க்குப் பின்வரும் பகுதி அடிக்கோட்டுக்குக் கீழே இழுக்கப்பட்டதுபோலத் தோன்றலாம். அது வடிகட்டியின் வேலை.

கருவியோடு இணைக்கும்போது

முதல் சோதனைக்கு ஏடி8232 என்னும் இசிஜி பெருக்கிப் பலகை வசதியானது. பரவலாகக் கிடைக்கும் பலகைகளின் பெருக்கம் சுமார் 1100 மடங்கு என்பதால் 1 மில்லிவோல்ட் ஆர் அலை 1.1 வோல்ட்டாக வரவேண்டும். அதன் மேல்வரம்பு 40 ஹெர்ட்சுக்கு அருகில் இருப்பதால் சற்றுக் குறைந்தே வரும். அலையே வராமல் நேர்க்கோடு மட்டும் நின்றால் முதலில் வலது கால் முனையைப் பாருங்கள். அது பொதுத்தடத்தோடு சேராவிட்டால் பெருக்கிக்குச் சார்புப்புள்ளியே கிடையாது; மானிட்டர்கள் கம்பி கழன்றுவிட்டதாக எச்சரிக்கும்.

படுக்கையருகு மானிட்டரில் இணைத்தால் இதயத்துடிப்பு 72 என்று அமைதியாக ஓடும்போதே மூச்சு நின்றுவிட்டதாக எச்சரிக்கை ஒலிக்கக்கூடும். மானிட்டர் மூச்சை அளப்பது மார்பின் மின்தடை மாற்றத்தை வைத்து. நம் பெட்டியின் மின்தடையோ மாறாதது. துடிப்பு எண்ணிக்கை இருமடங்காகக் காட்டினால் அது டி அலையையும் ஆர் என்று எண்ணுகிறது. டி-யின் உயரத்தை வேண்டுமென்றே 1000 மைக்ரோவோல்ட் வரை உயர்த்தி, எந்த இடத்தில் அந்தப் பிழை தொடங்குகிறது என்று கண்டறிவது நல்ல சோதனை.

தோலின் மின்தடையைப் போலச் செய்ய விரும்பினால், ஒரு முனையின் தொடரில் 51 கிலோ ஓம் மின்தடையையும் அதற்கு இணையாக 47 நானோஃபாரட் மின்தேக்கியையும் ஒரு சுவிட்சோடு சேருங்கள். நல்ல பெருக்கியில் சுவிட்சைத் திறந்தாலும் மூடினாலும் அலையின் உயரம் மாறாது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை நிரலில் கலந்து வடிகட்டியையும் சோதிக்கலாம். ஆனால் அது இரு முனைகளுக்கு இடையே வரும் இரைச்சல். உடல் முழுவதும் ஒன்றுபோல ஏறும் இரைச்சலைப் பெருக்கி எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை இந்த வழியில் அறிய முடியாது.

தாளங்களை மாற்றுதல்

அலைகளைத் தனித்தனியாகப் பிரித்துவைத்த உழைப்புக்கு இங்கே பலன் கிடைக்கிறது. க்யூஆர்எஸ் தொடக்கத்தையும் டி தொடக்கத்தையும் 100 மில்லிசெகண்ட் தள்ளினால் முதல்நிலை இதயத் தடை. ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போய், நான்காவதில் க்யூஆர்எஸ்-ஐயும் டி-யையும் விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் வென்கெபாக் தாளம். பி-யை நீக்கி, துடிப்பின் நீளத்தை ஒவ்வொரு முறையும் சீரற்ற எண்ணால் முடிவுசெய்து, அடிக்கோட்டில் 50 மைக்ரோவோல்ட் அளவில் நிமிடத்துக்கு 400 வீதம் நடுங்கும் சிற்றலையைக் கலந்தால் மேலறை நடுக்கம். அந்தச் சிற்றலையின் உயரமும் வேகமும் சற்றே மாறிக்கொண்டிருக்கட்டும், இல்லையேல் மேலறைப் படபடப்பின் ரம்பப்பல் போலத் தோன்றும்.

கீழறையிலிருந்து முந்திவரும் துடிப்புக்கு மட்டும் தனி அட்டவணை வேண்டும்: பி இல்லை, க்யூஆர்எஸ் 140 மில்லிசெகண்ட் அகலம், டி எதிர்த்திசையில். அதன் நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முந்திவந்த துடிப்புக்குப் பின் நீண்ட இடைவெளி ஒன்று வரும். முன்னும் பின்னுமான இரு இடைவெளிகளையும் கூட்டினால் இயல்பான இரண்டு இடைவெளிகளுக்குச் சமமாக இருக்கும். 72 துடிப்பில் அது 550 மில்லிசெகண்டில் வந்தால் அடுத்த ஆர் 1116 மில்லிசெகண்ட் கழித்து விழ வேண்டும்.

ஒவ்வொரு தாளத்தையும் சேர்த்தபின் காகிதத்தில் ஒருமுறை ஓட்டி, இடைவெளிகளைக் கட்டம் எண்ணி அளந்து, நிரலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மின்தடைகளின் அளந்த மதிப்பையும், டாக் காட்டிய இரு மின்னழுத்தங்களையும், அளந்த தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அலை கோணலாக வரும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.